கணக்கு டீச்சரின் ஆறாவது பீரியட்

காலை எட்டே முக்காலுக்குள் எழுத்தர் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. அன்று வராத ஆசிரியர்களின் வகுப்புகளுக்கு வேறு யார் போவது என்று பார்த்து, மஞ்சள் சீட்டில் எழுதி, ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஓய்வுப் பீரியடைப் பறிகொடுப்பவர் முகம் சுளிப்பார். பதினொரு வருடமாக அந்தச் சுளிப்புகளைப் பார்த்ததில், யாரிடம் நீட்டினால் திட்டு விழாது என்பது எழுத்தருக்கு மனப்பாடம்.

வரலாறு எடுப்பவருக்கு ஸ்டாஃப் ரூம் வைத்த பெயர் ‘முடியாது சார்’. சீட்டைப் பார்க்கும் முன்பே, "முடியாது, எனக்கு பிரஷர்" என்பார். கணக்கு டீச்சர் அப்படியில்லை. "குடுங்க தம்பி" என்று வாங்கிக்கொண்டு சாக்பீஸைத் தேடுவார். அவர் குரல் மைதானத்தின் கடைசி வரை கேட்கும். அதனால் எழுத்தரின் பேனா முதலில் அவர் பெயருக்குத்தான் போகும். அவரை மதிப்பதால்தான் அப்படிச் செய்கிறோம் என்று எழுத்தர் நம்பிக்கொண்டிருந்தார்.

ஆண்டு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தலைமையாசிரியை கூப்பிட்டார். கணக்கு டீச்சர் மூன்று வாரமாக லீவில் இருந்தார். தொண்டைக்கட்டு என்று பேச்சு.

"சிறந்த ஊழியர் ஷீல்டு இந்தத் தடவை கணக்கு டீச்சருக்குத்தான். அடுத்தவங்க பீரியட் எத்தனை எடுத்திருக்காங்கன்னு ரெஜிஸ்டரைப் பார்த்து எழுதிக் குடுங்க. நம்பர் சொன்னாத்தான் கைத்தட்டு விழும்."

எழுத்தர் உட்கார்ந்து எண்ணினார். நூற்று முப்பத்து நான்கு. அதில் தொண்ணூறுக்கு மேல் ஆறாவது பீரியட். ஏன் எல்லாம் ஆறாவதிலேயே விழுந்திருக்கிறது என்று பார்க்க, மேஜைக் கண்ணாடியைத் தூக்கி அடியிலிருந்த டைம்டேபிளை உருவினார். அதோடு ஒட்டிக்கொண்டு டாக்டர் கடிதம் ஒன்று வந்தது.

வருடத் தொடக்கத்தில் கணக்கு டீச்சர் கொடுத்தது. குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, மதியத்தில் ஒரு பீரியடாவது பேசக் கூடாது என்று எழுதியிருந்தது. அவருடைய ஆறாவது பீரியட் தினமும் காலி. "இதை மட்டும் விட்டுடுங்க தம்பி. கண்ணுல படற மாதிரி வெச்சுக்கங்க" என்றார். எழுத்தரும் கண்ணில் படட்டும் என்றுதான் கண்ணாடிக்கடியில் வைத்தார். பத்து நாளில் புதிய டைம்டேபிள் வந்தது. அதைக் கடிதத்தின் மேலேயே வைத்து மூடினார்.

மறந்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தார். முழுக்க மறக்கவும் இல்லை. முதல் தடவை ஆறாவது பீரியடுக்குச் சீட்டு நீட்டியபோது, "இன்னிக்கு மட்டுமா தம்பி?" என்று டீச்சர் கேட்டது ஞாபகம் இருந்தது. "இன்னிக்கு மட்டும்தான் டீச்சர்" என்று இவர் சொன்னதும் ஞாபகம் இருந்தது. மறுநாளும் அதையேதான் சொன்னார். அதற்குப் பிறகு டீச்சர் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே டீச்சர் வீட்டுக்குப் போய், பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறேன் என்றார். கதவைத் திறந்த மகள் வழிவிடாமல் நின்றாள்.

"அம்மா பேச மாட்டாங்க. ஆபரேஷன் ஆயிருக்கு. பள்ளிக்கூடத்துலேர்ந்துன்னா, ஏதாவது சீட்டுக் கொண்டாந்தீங்களா?"

எழுத்தர் வெறுங்கையை விரித்துக் காட்டினார். உள்ளே கணக்கு டீச்சர் கழுத்தில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தார். பழைய விடைத்தாள்களின் பின்பக்கத்தில் எழுதித்தான் பதில்.

"என் தப்புதான் டீச்சர்" என்றார் எழுத்தர்.

‘பாதி என்னோடது. முடியாதுன்னு நானும் சொல்லல’ என்று எழுதினார் அவர். பிறகு, ‘மொத்தம் எத்தனை பீரியட்?’

எழுத்தர் எண்ணைச் சொன்னார், விழாவில் ஷீல்டு கொடுக்கப்போவதையும் சொன்னார். டீச்சர் இன்னொரு தாளை இழுத்து எழுதினார்: ‘அதை மேடையில படிக்க விடாதீங்க. நாளைக்கு அந்த நம்பரைக் காட்டித்தான் புதுசா வந்த டிராயிங் பொண்ணுக்குச் சீட்டு நீட்டுவீங்க.’

"விட மாட்டேன் டீச்சர்" என்றார் எழுத்தர்.

அறிக்கையில் எண்ணை எடுத்துவிட்டு ‘பல’ என்று எழுதி, டாக்டர் கடிதத்தோடு தலைமையாசிரியையிடம் கொடுத்தார். அவர் கடிதத்தைப் படித்து, மடித்துத் திருப்பித் தந்தார்.

"நல்லதுதானே சொல்றோம், திட்டவா போறோம்? இதையெல்லாம் கிளறினா முதல்ல யார் பேரு கெடும்னு யோசிங்க."

எழுத்தர் யோசித்தார். கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

விழாவில் கணக்கு டீச்சர் மேடையில் நின்றார். தலைமையாசிரியை படித்துக்கொண்டே வந்து, ‘பல’ என்ற இடத்தில் நின்று, மைக்கிலேயே கேட்டார்: "எத்தனை கிளார்க் சார்?"

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மேலிடத்தில் கேட்டால் உடனே பதில் சொல்லிப் பழகிய வாய்.

"நூத்தி முப்பத்தி நாலு மேடம்."

கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. ரெண்டு வார்த்தை பேசுங்கள் என்று மைக்கை நீட்டினார்கள். டீச்சர் தலையை அசைத்தார்.

"பாத்தீங்களா, எவ்வளவு அடக்கம்" என்றார் தலைமையாசிரியை. மறுபடி கைத்தட்டினார்கள். டீச்சர் எழுத்தர் இருந்த பக்கமே பார்க்கவில்லை.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது மனைவி சாதத்தைப் போட்டுக்கொண்டே, "இல்லைன்னு சொல்லத் தெரியாதவங்கதான் உங்களுக்கு நல்லவங்க. இங்கயும் அதே கதைதான்" என்றாள்.

புது வருடத்தில் கணக்கு டீச்சருக்கு வகுப்பு கிடையாது. டாக்டர் கூடாது என்றுவிட்டார். நூலக அறையில் போட்டார்கள். பள்ளி திறந்த முதல் வாரமே இரண்டு பேர் வரவில்லை. தலைமையாசிரியை போனில், "டிராயிங் டீச்சர் இருக்காங்கல்ல. அந்த நூத்தி முப்பத்தி நாலைச் சொல்லிக் குடுங்க, ஒரு உற்சாகம் வரும்" என்றார்.

எழுத்தர் எண்ணைச் சொல்லவில்லை. ஆனால் சீட்டை எழுதிக் கொண்டுபோனார். டிராயிங் டீச்சர் சிரித்துக்கொண்டே வாங்கினாள்.

"இன்னிக்கு மட்டுமா சார்?"

எழுத்தர் நீட்டிய சீட்டைத் திரும்ப வாங்கினார். அதிலிருந்த அவள் பெயரை அடித்தார். அடுத்த மேஜைக்குப் போனார்.

"முடியாது" என்றார் முடியாது சார்.

"சரி சார். முடியாதுன்னு இதுக்குப் பின்னால எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. மேடம் மேஜையில வெச்சுடறேன்."

அவர் எழுத்தரை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு என்னய்யா வந்துது இன்னிக்கு?" என்று முனகிக்கொண்டே சாக்பீஸ் டப்பாவை எடுத்தார்.

எழுத்தர் திரும்பும் வழியில் நூலக அறை. உள்ளே நூலகப் பீரியடுக்கு வந்த ஏழாம் வகுப்பு சந்தையாக இரைந்தது. கணக்கு டீச்சர் மேஜையில் ஸ்கேலால் தட்டினார். யாரும் திரும்பவில்லை. உள்ளே போய்ப் பிள்ளைகளை அதட்டலாமா என்று எழுத்தர் வாசலில் நின்றார். டீச்சர் அவரைப் பார்த்தார். வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்துவிட்டு, ஸ்கேலை எடுத்து மறுபடி தட்டினார்.