வலப்பக்கத்துச் சிவப்பு

ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து, எண்ணெய் விட்டு, துணியில் சுற்றிக் கொண்டுபோனேன். கோயில் படிக்கட்டில், முகப்புத் தூணின் நிழலில் உட்கார்ந்து விஸ்தின் சாப்பிட்டார்.

"ஒலிவக்காயை எண்ணி எண்ணிப் போட்டிருக்கியே, ஜீஸா. உங்கப்பா வீட்டுப் பழக்கமா?"

"எங்கப்பா வீட்டுல தின்னுட்டுக் குறை சொல்ற பழக்கம் இல்ல."

சிரித்தபடி எண்ணெய்க் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அந்தக் கையோட பட்டுத் துணியைத் தொட்டுடாதீங்க!"

என் கணவரிடம் நான் கடைசியாகச் சொன்னது அதுதான்.

புனித கத்தரீனம்மாள் திருவிழா நெருங்கியிருந்தது. மால்டாவில் எந்த ஊரானாலும் திருவிழாவுக்குக் கோயிலின் உள்தூண்களுக்குச் சிவப்புப் பட்டு உடுத்துவார்கள். எங்கள் ஊரில் அது விஸ்தினின் வேலை. அவருடைய தம்பி நேனு ஏணி பிடிப்பான். தையலும் மடிப்பும் என்னுடையவை.

எங்கள் கோயிலில் அந்த வேலைக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. வரைபடம் போட்டவர் ரோமாபுரியில் படித்தவர். பழைய ரோமர்களின் கோயில்போல முகப்பில் உயர்ந்த தூண்கள், அவற்றின் மேல் முக்கோண நெற்றி. உள்ளே அலங்காரம் அதிகமில்லை. சுவரோடு ஒட்டி எதிரெதிராக அரைத்தூண்கள், எல்லாம் ஒரே அளவில். அந்தச் சமம்தான் அழகு என்று அவர் நினைத்தார். கட்டியது எங்கள் ஊர்க்காரர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில், கூலி வாங்காமல். பழைய கோயிலை முதலில் இடியுங்கள் என்று அவர் சொன்னதை மட்டும் யாரும் கேட்கவில்லை. பூசை ஒரு நாளும் நிற்கக் கூடாது என்று அதை நடுவில் வைத்துக்கொண்டு, சுற்றிலும் புதிய சுவர்களை எழுப்பினார்கள். குறுக்கே நூல் பிடித்து அளக்க வழியில்லை. கடைசியில் பழையதை இடித்து, கற்களைத் தலைவாசல் வழியாகச் சுமந்து வெளியேற்றியபோதுதான் இரண்டு சுவர்களும் முதல்முறையாக ஒன்றையொன்று பார்த்தன. இடப்பக்கத்துத் தூண்கள் நாலு விரல் கூடுதல் அகலமாக இருந்தன.

பக்கத்து ஊர்க்காரர்கள் இன்றும் 'மாறுகண் கோயில்' என்றுதான் சொல்வார்கள். ஒரு பக்கத்துப் பட்டு மறுபக்கத்துக்குச் சேராது.

அன்று வலப்பக்கம் முழுவதும் உடுத்தியாகிவிட்டது. சாப்பிட்டதும் இடப்பக்கம் ஏறினார். தூண்களுக்கு மேலே ஓடும் கல் விளிம்பில் நின்றுதான் கட்ட வேண்டும். எங்கள் கல் மிருதுவானது. ஜன்னல் வழியாக வரும் கடற்காற்று விளிம்பை உள்ளுக்குள்ளேயே தின்றிருந்தது வெளியில் தெரியவில்லை. நான் வீடு போய்ச் சேர்வதற்குள் நேனு ஓடிவந்தான். அவன் தலைமுடியெல்லாம் கல்தூள்.

மாலையில் பங்குச் சாமியார் டுன் கெலின் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"சாவுப் பூசைக்குச் சிவப்பு ஆகாதும்மா. காலையில அதை இறக்கிட்டுக் கறுப்பு கட்டச் சொல்லியிருக்கேன்."

"வலப்பக்கம் அவர் கையால கட்டினது சாமி. அவரைத் தூக்கிட்டு வரும்போது அது இருக்கணும்."

"ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் வெறுங்கல்லா? பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான்."

மூலையில் அழுதுகொண்டிருந்த நேனு தலைநிமிர்ந்தான். "அவனுங்க என்னைக்கு சாமி சிரிக்காம இருந்தானுங்க? பாதி மீசையை மழிச்ச மாதிரி இருக்குன்னு அண்ணனே சிரிச்சிருப்பான்."

சாமியார் என் பக்கம் திரும்பினார். "திருவிழா முடிஞ்சா எப்படியும் அவிழ்க்கத்தானே போறோம், ஜீஸா. அதுவரைக்கும் வெச்சு என்னம்மா ஆகப்போகுது?"

"அதுவரைக்குமாவது எனக்கு வேணும் சாமி."

அவர் தொப்பியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு, "பீடத்துக்கு மட்டும் கறுப்பு போடுறேன்," என்று எழுந்தார்.

அப்படித்தான் விஸ்தினை உள்ளே கொண்டுவந்தார்கள், இடப்பக்கம் வெறுங்கல்லும் வலப்பக்கம் சிவப்புமாக. மடிப்புகள் நேராக விழுந்திருந்தன. நான் சவப்பெட்டியைப் பார்க்கவில்லை. பட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருவிழாவுக்கு இடப்பக்கத்தை நேனு உடுத்தினான். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறினான். வெளியே வாண வேடிக்கையும் பாண்டு வாத்தியமும் வழக்கம்போல நடந்தன. நான் தினமும் பகலில் போய் வலப்பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

திருவிழாவுக்கு மறுநாள் அவிழ்த்தார்கள். வேறு ஆள் மடிக்கட்டும் என்று நேனு சொன்னான். நானேதான் கீழே நின்று வாங்கினேன். வலப்பக்கத்து முதல் பட்டு கைக்கு வந்ததும் முகத்தில் வைத்துப் பார்த்தேன். கற்பூர வாசம். போன வருஷம் பட்டு வைக்கும் பெட்டியில் நான் போட்ட கற்பூரம். அவருடையது ஒன்றுமே இல்லை, ஒரு எண்ணெய்க் கறைகூட இல்லை. மடித்தேன்.

நடுத்தூணில் நேனு நீண்ட நேரம் நின்றான்.

"அண்ணி, இந்த முடிச்சு வரமாட்டேங்குது. இறுக்கிட்டான் பாவி."

"நகத்தால எடுத்துப் பாரு."

"எடுத்துப் பாத்துட்டேன். அறுத்துடவா?"

கையிலிருந்த பட்டை இன்னொரு மடிப்பு மடித்தேன். அவன் மேலேயே காத்திருந்தான்.

"பட்டுக்குச் சேதம் வராம அறு."

பட்டு இறங்கியது. நேனு முடிச்சை விட்டுவிட்டு, அதற்குக் கீழேதான் கயிற்றை அறுத்திருந்தான். அந்தக் கயிற்றுத் துண்டு முடிச்சோடு இப்போதும் தூணின் உச்சிக் கொக்கியில் இருக்கிறது. புதுக் கயிற்றை அதன் மேலேயே கட்டுகிறார்கள்.