செவ்வாய்க்கிழமை புரோக்கர்

இசக்கிமுத்து தி.நகர் ஜவுளிக்கடையில் பத்தொன்பது வருஷமாகப் பட்டுப்புடவை விரித்துக் காட்டுகிறவன். அவன் விரித்த புடவைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால் சந்திரனுக்குப் போய், காபி குடித்துவிட்டுத் திரும்பலாம். நின்று நின்று காலில் நரம்பெல்லாம் ரயில்வே மேப் மாதிரி புடைத்துக்கொண்டது. நடக்கிற வேலை வேண்டுமென்று வீட்டுப் புரோக்கராக முடிவு செய்தான்.

அவசரக்காரன் இல்லை. வார லீவான செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் புரோக்கர். மூன்று வீடு முடித்தால் கடையை விடுவது; இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு நிற்பது. இரண்டு முடிந்திருந்தது. முதலாளி அய்யாதுரை அண்ணாச்சி அவனை சூப்பர்வைசர் ஆக்குவதாகச் சொல்லி, ஆடித் தள்ளுபடிக்கு முன்னால், இந்தச் செவ்வாய் சாயங்காலம் ஆறு மணிக்குள் பதில் கேட்டிருந்தார்.

மூன்றாவது ஆள் ஐவி டீச்சர். சாந்தோமில் அவர் குடியிருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். அன்று காலை ஒன்பதுக்கு, மந்தைவெளியில் என் மாடி போர்ஷனைத்தான் இசக்கிமுத்து முதலில் காட்டினான். டீச்சர் ஜன்னலைத் திறந்தார், குழாயைத் திருகினார். "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

வேறு எவனாக இருந்தாலும் சாவியை அங்கேயே கையில் திணித்திருப்பான். இவன், "இருக்கட்டும் டீச்சர், இன்னும் பாருங்க" என்றான். புடவைக் கடையில் அதுதான் முறை. அறுபது விரித்த பிறகு, வந்த அம்மா "மொதல்ல காட்டினீங்களே, அந்தப் பச்சை" என்பாள். குவியலுக்கு அடியிலிருந்து உருவிக் கொடுப்பான்.

வேடிக்கை பார்க்க நானும் ஆட்டோவில் தொற்றிக்கொண்டேன். ரிட்டயரான பிறகு இப்படியொரு நாள் எனக்கு வாய்த்ததே இல்லை. மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, அடையாறு என்று இன்னும் பத்து வீடு. பாதிக்கு மேல் ஐந்தாவது மாடி. லிஃப்ட் இருந்த இடத்தில் கரண்ட் இல்லை. ஒரு சமையலறையில் அடுப்பை வைத்தால் ஆள் தெருவில் நின்றுதான் தாளிக்க வேண்டும். இசக்கிமுத்து அசரவில்லை. பழக்கதோஷம், ஒரு வீட்டில் திரைச்சீலையைத் தோளில் போட்டு, "பார்டர் பாருங்க" என்றான்.

"இன்னா நைனா, வூடு பாக்குறியா, ஓட்டு கேட்டுக்கினு போறியா?" என்றார் ஆட்டோக்காரர்.

நாலரைக்கு, பதினோராவது வீட்டுப் படியில் டீச்சர் உட்கார்ந்துவிட்டார். "மொதல்ல காட்டினியே, அதையே குடுத்துடுப்பா."

இசக்கிமுத்து முகத்தில் திருவிழா சீரியல் லைட் எரிந்தது. "பாத்தியளா சார்!"

மந்தைவெளிக்குத் திரும்பினோம். வாசலில் என் மனைவி பங்கஜம் நின்றாள்.

"மாடியா? மூணு மணிக்கே ஒருத்தர் வந்து அட்வான்ஸ் குடுத்துட்டார். உங்களுக்குப் பத்து தடவை ஃபோன் பண்ணினேன். பத்து தடவையும் நம்மாத்து மேஜைமேலயே அடிச்சுது."

இசக்கிமுத்துவின் கை தானாக, பின்னால் இல்லாத அலமாரியைத் தேடியது. "இதே டிசைன்ல வேற..." என்று ஆரம்பித்து நிறுத்தினான்.

"இதுக்கா பதினோரு வீடு ஏத்தி இறக்கின?" டீச்சரின் அந்தக் குரலுக்கு மந்தைவெளி பஸ் டிப்போ முழுக்க எழுந்து நின்று குட்மார்னிங் சொல்லியிருக்கும்.

"எம் மேலதான் தப்பு டீச்சர். கடையில நீங்க பாத்தது அங்கனயே கெடக்கும். வீடு கெடக்காதுன்னு எனக்குத் தோணல."

டீச்சர் குரலை இறக்கினார். "நாலாவதா ஒண்ணு காட்டினியே, பின்னால கொய்யா மரம்..."

அவர் மரத்தை முடிப்பதற்குள் ஃபோன் இசக்கிமுத்துவின் காதில் இருந்தது. "அண்ணே, வீடு இருக்கா? யாருக்கும் காட்டாதிய. இந்தா வந்துட்டோம்!"

ஐந்து ஐம்பதுக்கு, கொய்யா மரத்தடியில் டீச்சர் அட்வான்ஸ் கொடுத்தார். ஐந்து ஐம்பத்தைந்துக்கு இசக்கிமுத்து அண்ணாச்சியை ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணாச்சி, சூப்பர்வைசர் வேண்டாம். ஆடி முடியுத வரைக்கும் நிக்கேன். அதுக்கு மேல வரல."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"சரிலே. எம் மவ அடையாறுக்குக் குடி வாரா. ஒரு வீடு பாரு. ஆனா ஒண்ணுதான் காட்டணும், ஆமா. உங்கிட்ட சேலை எடுக்க வந்தவ எவளும் பொழுது இருக்க வீடு போய்ச் சேர்ந்ததில்ல."

"ஒண்ணே ஒண்ணா அண்ணாச்சி?" என்று இழுத்தான் இசக்கிமுத்து.