எதை மீட்கும் டிஸ்க்

நான் படித்தது தாவரவியல். எங்கள் வீட்டில் இதை யாரும் நம்புவதில்லை. குடும்பத்தில் டிகிரி வாங்கிய ஒரே ஆள் என்பதால், மருந்துச் சீட்டை வாசிப்பது, வங்கிக்குப் போன் போடுவது, மிக்ஸி ஓடாவிட்டால் குனிந்து பார்ப்பது எல்லாம் என் தலையில்தான் விடியும். அக்காவின் கடைக் கம்ப்யூட்டர் நின்றுபோனதும் அப்படித்தான் விடிந்தது.

"காலேஜு, கொஞ்சம் வந்துட்டுப் போ" என்றார் மாமா போனில். அக்காவைக் கட்டியவர். என் பெயர் அவருக்கு எப்போதோ மறந்துவிட்டது.

கடை ஒற்றை அறை. பாதியை எம்பிராய்டரி மெஷின் அடைத்துக்கொண்டிருக்கும். சீருடைச் சட்டைப் பைகளில் சின்னமும் பெயரும் தைத்துக் கொடுப்பது தொழில். போர்டில் மாமா பெயர். சின்னங்களைச் செய்வது அக்கா. ஊசி எங்கே இறங்கி எங்கே ஏற வேண்டும் என்று அந்தப் பழைய கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாக வைத்துப் பல வருடமாக அவள் சேர்த்த டிசைன்கள். வேறு நகல் கிடையாது. ஒரு நகல் எடுத்து வையுங்கள் என்று நான் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருக்கிறேன். "என் கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகாது" என்பார் மாமா. ஆகிவிட்டது.

நான் போனபோது அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"டிசைன்லாம் இருக்குமாடி?"

"பாக்கறேன்க்கா."

மாமா முகத்தில் கவலையே இல்லை. "கம்ப்யூட்டர் வாங்கறப்பவே குடுத்தான் பாரு, ரெக்கவரி டிஸ்க்கு. உள்ள போட்டா எல்லாத்தையும் ரெக்கவர் பண்ணிடும். பேருலயே இருக்குல்ல? போட்டாச்சு. இங்கிலீஷ்ல என்னமோ கேக்குது. எப்பவும் போல ஓகே குடுக்கப் போனேன், உங்கக்கா கையப் புடிச்சுட்டா. நீ வரணுமாம்."

திரையைப் படித்தேன். இன்னொரு முறை படித்தேன். பிறகு சத்தமாகத் தமிழில் சொன்னேன். "இதுல இருக்கறது எல்லாத்தையும் அழிச்சுட்டு, கம்ப்யூட்டர வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரி ஆக்கப் போறேன், சரியான்னு கேக்குது."

கத்தரி நின்றது.

"ரெக்கவரின்னுதானே போட்டிருக்கான்?" என்றார் மாமா.

"ஆமா. அவனோட சரக்க ரெக்கவர் பண்ணுவான். உங்க சரக்க இல்ல. வாங்கின அன்னைக்கு இதுக்குள்ள அக்காவோட டிசைன் இருந்துச்சா?"

"அப்ப பேர ஒழுங்கா வெக்க வேண்டியதுதானே, முட்டாப்பய."

எனக்கு வந்தது கோபம்தான். தெரியாததற்கெல்லாம் ஓகே அழுத்தியே காலம் தள்ளியவரின் விரலுக்கும் அந்த விசைக்கும் நடுவே அக்காவின் கை மட்டும்தான் இருந்திருக்கிறது. டிஸ்க்கை வெளியே எடுத்து என் பைக்குள் போட்டேன்.

"அத ஏன் எடுத்துட்டுப் போற?"

"உங்க விரல நம்பல மாமா. நாளைக்கு வேற டிஸ்க் கொண்டு வரேன்."

வேறு டிஸ்க் என்றால், கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸ் என்ற மென்பொருளைத் தனக்குள்ளேயே சுமந்துகொண்டு வரும் சி.டி. கம்ப்யூட்டர் தன் சொந்த ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே கண் விழிக்கும். வீட்டுக்காரன் மயங்கிக் கிடக்கும்போது பின்வாசல் வழியாகப் போய்ச் சாமான்களை வெளியே எடுத்து வைப்பது மாதிரி. கல்லூரியில் நான் வாங்கிய மூன்றாம் கை லேப்டாப் மாதம் ஒருமுறை மயங்கும். அதில் பழகியது.

மறுநாள் கொண்டுபோனதைக் கம்ப்யூட்டர் சட்டையே செய்யவில்லை. இணையத்திலிருந்து இறக்கிய ஃபைலை அப்படியே டிஸ்க்கில் போட்டிருந்தேன். இமேஜ் என்று தனியாக ரைட் செய்தால்தான் கம்ப்யூட்டர் அதிலிருந்து எழும்பும். அவசரத்தில் கோட்டை விட்டேன்.

"இதுக்குத்தான் காலேஜுக்குப் போனியா?" என்றார் மாமா.

"இல்ல. செடி கொடி படிக்கப் போனேன்."

அக்கா வாயில் ஊசியை வைத்துக்கொண்டே சிரித்தாள். நான் வீட்டுக்குப் போய் சரியாக ரைட் செய்துகொண்டு மதியமே திரும்பி வந்தேன். சுவிட்சைப் போட்டு, டெலீட் விசையைத் தட்டிக்கொண்டே இருந்து செட்டிங்குக்குள் நுழைந்து, சி.டி.யை முதலில் பார்க்கும்படி மாற்றினேன். டிரைவ் முனகியது. கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடின. பிறகு வெறும் நீலம்.

"ஐயோ, என் ஐகான்லாம் எங்க? அழிச்சுட்டா!"

"கொஞ்சம் சும்மா இருங்க மாமா."

உள்ளே போய்க் கம்ப்யூட்டரின் சொந்த ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தேன். அது கடக் கடக் என்றது. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. "இது ரொம்ப நேரம் தாங்காது. எத மொதல்ல எடுக்கட்டும்?"

"பாட்டு" என்றார் மாமா உடனே. "பாட்டு ஃபோல்டர் ஒண்ணு இருக்கு பாரு. அதுக்குக் கீழ இருக்கறத விட்டுடு, குப்பை. எவனோ கீபோர்டு மேல கைய வெச்சுட்டான்."

குப்பை மாதிரிதான் இருந்தது. ஒரு ஃபைலின் பெயர் ஜே ஜே ஜே ஜே. அடுத்தது கே கே கே. அதற்கடுத்தது எல் மட்டும் ஒரு வரிசைக்கு.

அக்கா எழுந்து வந்தாள். "எவனோ இல்ல. நான்தான்."

மாமா திரும்பிப் பார்த்தார்.

"ஜே நாலு தடவ வந்தா நர்ஸுங்க பாக்கெட். கே வந்தா டிரைவருங்க தொப்பி. எனக்குத் தெரியும். ஸ்பெல்லிங் போட்டு பேரு வெச்சா, தப்பா இருக்குன்னு கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சிரிச்சீங்க. ஒரே எழுத்தையே அழுத்தினா அதுல சிரிக்க என்ன இருக்கு?"

எனக்கு நாலு வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தது. அக்கா என்னைப் பார்க்கவே இல்லை, திரையைத்தான் பார்த்தாள். விழுங்கிக்கொண்டேன்.

"இத எடுடி மொதல்ல" என்றாள்.

எடுத்தேன். இரண்டு ஃபைல் வரமாட்டேன் என்று அடம்பிடித்தன. "போகட்டும், அதத் திரும்ப வரைஞ்சுக்கலாம்" என்றாள். மற்றவை ஒவ்வொன்றாக நான் கொண்டுவந்த பென் டிரைவுக்குள் வந்து சேர்ந்தன. மெஷினிலும் பென் டிரைவ் செருக ஓட்டை இருந்தது. உள்ளே தூசி போகுமென்று மாமா அதன்மேல் டேப் ஒட்டி வைத்திருந்தார். அக்கா நகத்தால் அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பென் டிரைவைச் செருகினாள். நான்கு ஜேயைத் தேர்ந்தெடுத்தாள். கிழிசல் துணியில் ஊசி இறங்கி ஏறி இறங்கி, நர்ஸுகளின் சின்னம் மெல்ல வந்தது.

மாமா கையை நீட்டினார். "வேல முடிஞ்சதும் அதக் குடு, பத்திரமா வெச்சுக்கறேன்."

"என்கிட்டயே இருக்கட்டும்."

"ஏன்?"

"டிசைன் என்னோடதுங்க." குரல் உயரவில்லை. பிறகு என்னிடம், "அவரு பாட்டையும் எடுத்துக் குடுடி, பாவம்."

மாமாவின் பென் டிரைவை வாங்கிச் செருகினேன். மூன்றாவது பாட்டு பாதியில் இருக்கும்போது ஹார்ட் டிஸ்க் கீச்சென்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. அணைத்துப் போட்டேன், மறுபடியும் போட்டேன். அப்படி ஒரு டிஸ்க் இருப்பதாகவே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை.

மாமா "பாட்டுதானே" என்றார். யாரும் அவரை எதுவும் கேட்டிருக்கவில்லை.

"அந்த வெள்ளத் துணிய எடுங்க" என்றாள் அக்கா. அவர் எடுத்துக் கொடுத்தார்.