முதல் நாளைச் சேர்க்கலாமா?

கல்யாணமாகி எத்தனை நாள் என்றால் முதல் நாளையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும் என்று அன்று காலை அவள் சொன்னாள், வாயில் பல்தேய்க்கும் பிரஷ்ஷோடு, அவர் கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்தார், “பதிவு ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டதே மத்தியானம் மூணு மணிக்கு, அரை நாளை எப்படிடி சேர்க்கிறது?” “அரை நாளா இருந்தா என்ன, உங்ககூடதானே இருந்தேன்?” “லைப்ரரிக்கு அதெல்லாம் தெரியாதும்மா…” அப்புறம் ஏதோ தட்டினார், செருப்பை மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போனார், கடை வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம், எழுந்திருக்கவில்லை. எட்டு மாதம் ஆகிறது. இப்போதும் அதே சாப்பாட்டு மேஜை, அதே கணினி, பின்னால் துவைக்கும் இயந்திரம் நாற்பத்திரண்டு நிமிடம் என்று காட்டிவிட்டு உருள ஆரம்பித்திருக்கிறது, அது நிற்பதற்குள் முடித்துவிடலாம், என்ன பெரிய வேலை, ஒரு பதிலைப் படித்து ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அதற்கா எட்டு மாதம்?

லைப்ரரி என்றதும் புத்தக அலமாரியைத்தான் நினைத்தாள் முதலில். ஒரு தேதிக்கும் இன்னொரு தேதிக்கும் நடுவில் எத்தனை நாள் என்று கணக்குப் போடும் நிரல்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் வேலையில் சேர்த்துக்கொள்ளலாம், காசு கிடையாது, வேலை கெட்டவர்கள் பத்துப் பேர் விடிகாலையில் எழுந்து அதைப் பராமரிக்கிறார்கள். எழுதியவரே தன் எழுத்துக்கு ஒப்புதல் தரக் கூடாது, இன்னொரு கண் பார்க்க வேண்டும், அது அவர் போட்ட சட்டம். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் பக்கத்துக்கு அந்த இன்னொரு கண் இவள், அச்சகத்தில் பிழை திருத்துகிறவளைவிட வேறு யார் வேண்டும் என்று அவர்தான் சேர்த்துவிட்டார், சிவப்பு மை அக்கா என்று அந்தக் கூட்டமே பெயர் வைத்துவிட்டது. அவர் கடைசியாக அனுப்பிய திருத்தம், அன்று காலை செருப்பு மாட்டுவதற்கு முன் தட்டியது, அவள் கண்ணுக்காகக் காத்திருக்கிறது… ஏழாவது கேள்வி. முதல் நாளைச் சேர்க்கலாமா? திறக்கவே இல்லை. சண்டையில் கடைசி வார்த்தையை எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பார், திருப்பிப் பேச ஆள் எங்கே? அதுவுமில்லாமல், அது காத்திருக்கும்வரை அவர் பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி. அழுத்திவிட்டால் அவருக்கென்று பாக்கி ஒன்றும் இல்லை.

தாடி நேற்று போன் செய்தான், படத்தில் முகத்தைவிடத் தாடி அதிகம் என்பதால் தாடி, இப்போது எல்லாவற்றையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். “அக்கா, இந்த வாரம் மட்டும் பதினோரு பேர் அதே ஏழாவதைக் கேட்டுட்டாங்க. பதில் சொல்லியே என் தாடி நரைச்சிடும்போல.” “வேற யாரையாவது பார்க்கச் சொல்லேன்ப்பா.” “சொல்லலாம்க்கா. ஆனா அண்ணன் உங்க பேரைத்தானே போட்டிருக்கார்.” எட்டு மாதமாக ஒருவரும் அதைத் தொடவில்லை, நினைத்தால் நெஞ்சு நிறைகிறது, முகம் தெரியாத பத்துப் பேர்.

முதலிலிருந்து படிக்கிறாள், ஏழாவதைத் தள்ளிப்போடத்தான். காசு வாங்காமல் ஏன் செய்கிறீர்கள்? ‘என் மனைவியும் இதையேதான் கேட்கிறாள்.’ சிரிப்பு வந்துவிட்டது, தனியாக, சத்தமாக. நிரல் எழுதத் தெரியாதவர்கள் சேரலாமா? ‘இந்தப் பக்கத்தைத் திருத்துபவருக்கு ஒரு வரி நிரல்கூடத் தெரியாது. நாங்கள் பயப்படுவது அவர் ஒருவருக்குத்தான்.’ பொல்லாத மனுஷன்… இயந்திரம் தண்ணீரை வடிக்கிறது, இன்னும் ஒன்பது நிமிடம். சரி. திறந்தாள். ‘சிலர் முதல் நாளையும் சேர்த்து எண்ணுகிறார்கள். யோசித்துப் பார்த்ததில் அவர்கள் சொல்வதும் சரிதான். அவர்களுக்காக ஒரு கட்டம் வைத்திருக்கிறேன், தட்டிக்கொள்ளுங்கள்.’ கீழே உதாரணத்துக்கு ஒரு தேதி. கல்யாணத் தேதி. தோற்றுவிட்டுத்தான் பால் வாங்கப் போயிருக்கிறார்! சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே, இல்லை, திரும்பி வந்து சொல்லலாம் என்றிருப்பார், அவள் முகம் மலர்வதைப் பார்க்க.

அழுத்தினாள். வலிக்கவில்லை, அதுதான் ஆச்சரியம். “வந்துடுச்சுக்கா!” என்று தாடி செய்தி அனுப்பினான், “கட்டமும் வேலை செய்யுது.” செய்கிறதா? பார்த்துவிடலாம், பார்க்காமல் அச்சுக்கு அனுப்புகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அவர் பால் வாங்கப் போன நாளையும் இன்றைய நாளையும் போட்டாள். இருநூற்று நாற்பத்துமூன்று. கட்டத்தைத் தட்டினாள். இருநூற்று நாற்பத்துநான்கு. எது சரி? அன்று காலை இருந்தாரே, சிரித்தாரே, அரை நாளாவது அவரோடு இருந்தாளே… அவர் இல்லாத நாட்களோடு அதையும் எப்படிச் சேர்ப்பது? அப்படியென்றால் இதில் அவர் சொன்னது சரியா? வாழ்ந்ததை எண்ண ஒரு கணக்கு, இழந்ததை எண்ண இன்னொன்றா? இயந்திரம் மூன்று முறை கத்தி நின்றது. துணி காயப்போட எழுந்தவள் பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தாள், கட்டம் காலியாக இருந்தது, அடியில் அவர் தொடாமல் விட்ட அந்தப் பழைய வரி அப்படியேதான் இருந்தது: எதுவும் சொல்லாவிட்டால், முதல் நாள் கணக்கில் சேராது.