சிமெண்டுப் பாதையில் ஒரு குளம்படி

பிப்ரவரி இருபத்து மூன்று, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடம். காற்று அடியோடு நின்றிருந்தது. மைதானத்துக் கொடிகள் கம்பங்களோடு ஒட்டித் தொங்கின; வெயில் இருந்தும் வெளிச்சம் மங்கியிருந்தது. சாம்பியன்ஷிப் பந்தயத்துக்கு இன்னும் ஐம்பது நிமிடங்கள்.

ரயில் பெட்டிகளின் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு விரிசலைக் கண்டுபிடிப்பது, மைதானத்தில் 'சுத்தியல்' என்று பெயர் வாங்கிய அந்த ரசிகருடைய உத்தியோகம். வாரத்தில் ஆறு நாள் சக்கரம். ஏழாம் நாள் குதிரை. மற்ற ரசிகர்கள் அணிவகுப்பு வட்டத்தில் கண்ணால் பார்ப்பதை, அவர் லாயத்தை ஒட்டிய சிமெண்டுப் பாதையோரம் கண்ணை மூடி நின்று காதால் கேட்பார்.

"என்ன சுத்தியல்! இன்னிக்கி எந்தக் குதிரைக்கு வேட்டு வைக்கப் போறே?" என்றார் வாசலில் டிக்கெட் கிழிப்பவர்.

கிண்டலுக்குக் காரணம் இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு குதிரை நொண்டுகிறது என்று அவர் கூப்பாடு போட, அதை விலக்கிவிட்டார்கள். பிறகுதான் தெரிந்தது: ஒரு காலில் மட்டும் அலுமினிய லாடம், மற்ற மூன்றிலும் இரும்பு. மாறியது உலோகம், கால் கல்லுப்போல் இருந்தது. மைதானமே கைகொட்டிச் சிரித்தது.

சாம்பல்நிறப் பெண்குதிரை வந்தது. இந்தப் பருவத்தில் ஓடிய ஐந்து பந்தயங்களிலும் அதுதான் முதல். இன்று அதன்மேல் ஏறப்போகிறவன் அவருடைய தம்பி.

மூன்று குளம்புகள் அழுத்தமாக விழுந்தன. இடது முன்னங்கால் மட்டும் தரையைத் தொட்டவுடன் எழுந்துவிட்டது. அவர் கண்ணைத் திறந்தார். பட்ட அடி போதுமென்று, முதலில் லாடம் அடிப்பவரிடம் போனார்.

"நாலும் இரும்புதான் சார். நேத்து என் கையால அடிச்சேன். மறுபடி ஆரம்பிச்சுட்டீங்களா?"

மைதானத்துக் கால்நடை மருத்துவர் அம்மாள் சிரிக்கவில்லை. "லாடம் விசாரிச்சாச்சா?" என்று மட்டும் கேட்டார். இவர் தலையாட்டினார். "அப்ப சிமெண்ட்டுல ஒரு தடவை ஓட்டிப் பாத்துடுவோம்."

செய்தி எட்டியதும் தம்பி பளபளக்கும் சட்டையோடு ஓடி வந்தான்.

"அண்ணே, உனக்கு வேற நாளே கெடைக்கலையா? அண்ணி சொன்னாப்ல வீட்டுல படுத்துத் தூங்கியிருக்கலாமில்ல?"

"கால் விட்டுப்போனா விழறது அது மட்டும் இல்லடா. உன் பின்னாடி பதினோரு குதிரை வருது."

"பதினெட்டு வருஷமா அடுத்தவன் முதுகைப் பாத்தே ஓடினவன் நான். நாப்பத்தொண்ணு ஆச்சு. இனிமே இப்படி ஒண்ணை எவன் என்னை நம்பிக் குடுப்பான்?"

அவர் பதில் சொல்லுமுன், தம்பி குதிரைக்காரரிடமிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டான். "கூட்டத்தைப் பாத்து மிரளுது. நானே ஓட்டிக் காட்டறேன்."

ஓட்டினான். மருத்துவர் குனிந்து முழங்கால்களைப் பார்த்தார். ஒலிபெருக்கி போட்டியாளர்களின் வரிசையை அலறிக்கொண்டிருந்தது. குளம்போசை அதில் அமுங்கிப்போயிற்று. அவர் ஓசையை விட்டுவிட்டுத் தம்பியின் கையைப் பார்த்தார். கயிற்றைக் குதிரையின் தாடைக்கு அடியிலேயே இறுக்கிப் பிடித்திருந்தான். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. வலிக்கிற முன்னங்கால் பதியும்போது குதிரை தலையைத் தூக்கும். அப்படிப் பிடித்தால் தூக்க முடியாது. பழக்கத்தில் அப்படிப் பிடிக்கிறவனல்ல அவன். ஆக, அவனுக்குத் தெரியும்.

மருத்துவர் நிமிர்ந்தார். "கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. நீங்க சொல்லுங்க. என்ன கேட்டுது?"

கயிற்றைத் தளர்த்தச் சொல்லுங்கள்: மூன்றே சொற்கள். தம்பி அவரைப் பார்க்கவில்லை. குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான். அவன் பிழைப்பில் மண்ணைப் போடுவதா என்று அவர் எண்ணினார். மறுபடி சிரிப்பார்களே என்றும் எண்ணினார். இரண்டுக்கும் அடியில் மூன்றாவதாக ஒன்று கிடந்தது. கடைசி இருநூறு மீட்டரில் அந்தக் குதிரை கழுத்தைத் தாழ்த்தி நீளும் அழகை ஐந்து முறை பார்த்திருந்தார். ஆறாம் முறையும் பார்க்க வேண்டும். அந்த ஆசைக்குத்தான் அவர் அந்தக் கணத்தில் தம்பிப் பாசம் என்று பெயர் வைத்துக்கொண்டார்.

"இந்தச் சத்தத்துல... சரியாக் கேக்கலம்மா."

"முன்னாடி கேட்டதா சொன்னீங்களே?"

"அப்பவும் நிச்சயமா சொல்ல முடியாது."

மருத்துவர் அவர் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு படிவத்தை அட்டையில் வைத்து, 'ஓடத் தகுதியானது' என்று எழுதி, கையெழுத்திட்டு, நேரத்தையும் குறித்தார்.

தம்பி குதிரையைத் திருப்பினான். காரியம் முடிந்ததென்று கயிறு அவன் கையில் தளர்ந்தது. ஓரடி, ஈரடி, இடது முன்னங்கால் பதிந்ததும் சாம்பல்நிறத் தலை வெடுக்கென்று மேலே போயிற்று. லாடக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவரும் அதற்கு முதுகைக் காட்டி, நடுவர் குழுவின் குமாஸ்தாவிடம் படிவத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.

அவர் வாயைத் திறந்தார். குமாஸ்தா படிவத்தை வாங்கிக்கொண்டார்.