மணி அடித்தால் உட்கார வேண்டும்

அந்தத் தையல் ஆலையில் ஒரே ஒரு மணிதான் இருந்தது. தீப்பிடித்தால் அடிப்பதற்கென்று வாங்கி மாட்டியது. தீ என்னவோ பிடிக்கவில்லை. சட்டை வாங்கும் பெரிய கம்பெனியின் ஆட்கள்தான் அடிக்கடி சோதனைக்கு வந்துகொண்டிருந்தார்கள். சும்மா கிடக்கிற மணிக்கு ஒரு வேலை கொடுப்போமே என்று மேனேஜருக்குத் தோன்றியது. வாசலில் கம்பெனி கார் தெரிந்ததும் காவலாளி மணியை அடிக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

மணி கேட்டதும் மாடித் தையல் கூடத்தில் என்ன நடக்க வேண்டும் என்பது சூப்பர்வைசரின் பாடு. பாடம் நடத்தி, ஒப்பிக்க வைத்து, தப்பாகச் சொன்னவளை நிற்க வைத்ததால் அவளுக்கு டீச்சர் என்றே பேர் விழுந்துவிட்டது. மணி அடித்தால் முகமூடி மாட்டு. முதுகை நிமிர்த்து. சிரி. செத்தாலும் எழுந்திருக்காதே; எழுந்தவளைத்தான் அவர்கள் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். பின்கதவை மறைத்து அடுக்கிய அட்டைப்பெட்டிகளை லோடு ஏற்றும் ஆட்கள் ஓடிவந்து அப்புறப்படுத்துவார்கள்.

வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மனித உரிமையை மதிப்போம் என்று பெரிய கம்பெனி உலகத்துக்கே வாக்குக் கொடுத்திருந்தது. அந்த வாக்கைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி, தூசி படியாமல் துடைக்கத் தனியாக ஒரு துணியும் வைத்திருந்தார்கள்.

கடைசி மெஷினில், அட்டைப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் காலர் தைத்தவள் டீச்சரின் நாத்தனார். வேலை வாங்கிக் கொடுத்ததே டீச்சர்தான். சரியான வாயாடி.

"அண்ணி, முகமூடியும் போடச் சொல்றீங்க, சிரிக்கவும் சொல்றீங்க. உள்ள சிரிச்சா அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணுல தெரியும்டி. வேலையப் பாரு."

கூடமே சிரித்தது.

ஒரு மத்தியானம் கீழே இஸ்திரிப் பிரிவில் ஒயர் கருகி, துணிக் குவியலில் நெருப்புப் பற்றிக்கொண்டது. காவலாளி மணியை அடித்தான். மாடியில் எல்லாரும் முகமூடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவ்வளவு நேர்த்தியாக அவர்கள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. கருகல் வாடை வந்தது. இஸ்திரி போடுகிற இடத்தில் கருகல் வாடை ஒரு புதுமையா? இருமியவளை டீச்சர் முறைத்தாள். அப்போது கடைசி மெஷினில் நாத்தனார் எழுந்தாள்.

"அண்ணி, புகை வருது."

"உக்காரு. அவங்க படி ஏறிட்டாங்க போல."

அவள் உட்கார்ந்தாள்.

படி ஏறி வந்தது புகை. கரண்ட் போயிற்று. முன்வரிசைக்காரிகள் ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து இறங்கினார்கள். டீச்சரையும் அந்த நெரிசல்தான் கொண்டுவந்து தெருவில் போட்டது. லோடு ஏற்றும் ஆட்கள் யாரும் அன்றைக்கு மேலே வரவில்லை; பின்வரிசைக்காரிகள் அட்டைப்பெட்டிகளைத் தாங்களே தள்ளப் பார்த்திருக்கிறார்கள். அங்கேயேதான் கிடந்தார்கள்.

புகையில் ஒன்றும் தெரியவில்லை என்று மட்டும் வீட்டில் டீச்சர் சொல்லியிருந்தாள். புருஷனும் தோண்டித் துருவவில்லை. பிறகு பெரிய கம்பெனியின் அறிக்கை பேப்பரில் வந்தது. மணி அடித்தும் தொழிலாளர்கள் வெளியேறவில்லையாம். அவர்களிடம் விழிப்புணர்வு போதவில்லையாம். புருஷன் அதை வாய்விட்டுப் படித்தான்.

"என் தங்கச்சி முட்டாளாம். எரியறது தெரியாம உக்காந்திருந்தாளாம்."

முட்டாள் என்ற பேரோடு அவளை அனுப்பக் கூடாது என்று டீச்சர் அன்றைக்கே முடிவு செய்தாள்.

விசாரணை ஒரு ஓட்டலின் குளுகுளு அறையில் நடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து மனித உரிமைப் பிரிவின் தலைவி வந்திருந்தார். அவருடைய பதவியின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் உதவியாளர் நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டார். மௌன அஞ்சலி முடிந்ததும், கம்பெனி பொறுப்பைத் தட்டிக்கழிக்காது என்று தலைவி உருக்கமாகப் பேசினார். இறந்தவர்களின் குடும்பத்தார் வரிசையில் புருஷன் உட்கார்ந்திருந்தான்.

டீச்சர் எழுந்து நின்றாள்.

"அவங்க விவரம் தெரியாம உக்காரலைங்க. நான் பழக்கினபடிதான் உக்காந்தாங்க. அந்த மணி அடிச்சா நீங்க வர்றீங்கன்னுதான் எங்களுக்கு அர்த்தம்."

தலைவியின் பேனா அசையவில்லை. மேனேஜர் கூரையைப் பார்த்தார்.

"என் நாத்தனார் எழுந்தா. புகைன்னு சொன்னா. நான்தான் உக்காருன்னேன்."

இப்போது பேனா ஓடியது. தலைவியின் முகத்தில் எங்கிருந்தோ ஒரு தெளிவு வந்தது. "உக்காரச் சொன்னது நீங்கதானா?" என்று கனிவாகக் கேட்டார். ஆமாம் என்றாள். பதிவுக்காக இன்னொருமுறை சொல்லச் சொன்னார். சொன்னாள். மணியைப் பற்றி மறுபடி ஆரம்பித்தபோது, பிறகு அதற்கு வருவோம் என்று உதவியாளர் கையமர்த்தினார். யாரும் வரவில்லை.

டீ குடித்து முடிவதற்குள் முடிவும் வந்துவிட்டது. மனித உரிமையை மீறியவர் அடையாளம் காணப்பட்டார். கம்பெனிக்குத் தைக்கிற எந்த ஆலையிலும் இனி அவளுக்கு வேலை கிடையாது. மேனேஜர் பயிற்சிக்கு அனுப்பப்படுவார். கம்பெனி இப்படியாகத் தன் பொறுப்பை நிறைவேற்றியதைக் குடும்பத்தார் கைதட்டி வரவேற்பார்கள் என்று தலைவி கொஞ்சம் காத்திருந்து பார்த்தார்.

பஸ்ஸில் புருஷன் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். வெகுதூரம் போன பிறகு கேட்டான்.

"உக்காருன்னதும் அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலைங்க. நான் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு உக்காந்துட்டா."

அவன் தலையாட்டினான். அடுத்த நிறுத்தம் அவர்களுடையது இல்லை. அவன் இறங்கிக்கொண்டான்.