கண்ணுசாமி வெட்டிய சரிவு

நன்னிலம் பக்கத்தில் வரப்பு வெட்டக் கண்ணுசாமியை விட்டால் ஆள் கிடையாது என்பார்கள். அவரும் அதை மறுத்ததில்லை. பக்கப் புல்லைச் செதுக்கி எறிந்து, சேற்றை அள்ளி அவர் மெழுகிவிட்டால், அந்த வரப்பில் சோற்றைக் கொட்டிப் பிசைந்து சாப்பிடலாம். புல் மண்டிய வரப்பு சோம்பேறியின் வரப்பு என்பது அவர் கட்சி. என்ன, வெட்டியதெல்லாம் அடுத்தவர் வரப்பு.

மகள் செம்மொழி டீச்சர் வேலைக்குப் போனபிறகுதான் குடும்பத்துக்கென்று ஒரு துண்டு நிலம் வாய்த்தது. அதுவும் ஒரத்தநாட்டுக்கு மேற்கே, செம்மண் சரிவில். நன்னிலத்துக்காரருக்கு மேடு என்றால் ரயில்வே பாலம்தான். தரை இப்படிச் சாய்ந்து படுத்திருக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

ஊர் ஆடெல்லாம் மேய்ந்து, சரிவில் புல் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணுசாமி மண்வெட்டியை எடுத்தார்.

"என்னங்க, இருக்குற புல்லாவது மாட்டுக்கு ஆகட்டுமே" என்றாள் மனைவி அம்சம்.

"மொத மொதல்ல சொந்த நெலம். பாக்குறவன் அசந்து போக வேணாமா?"

எல்லைக்கல்லைச் சுற்றி மட்டும் கை வைக்கவில்லை. கல் அசைந்தால் வம்பு. மற்றபடி வைத்தீஸ்வரன்கோயிலில் மொட்டை போட்ட பிள்ளையின் தலை மாதிரி சரிவு பளபளத்தது. போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார்.

ஐப்பசி மழை பிடித்தது. நன்னிலத்து மழை வயலில் வந்து உட்காரும், மடை திறந்துவிடும்வரை காத்திருக்கும். இங்கே அதற்கு உட்கார நேரமில்லை. விடிந்து பார்த்தால் சரிவெங்கும் முழங்கால் ஆழத்துக்கு மண் அரித்து ஓடை ஓடையாகக் கிடந்தது. மேல்மண் போன இடமெல்லாம் சரளைக்கல் பல்லைக் காட்டியது. போன மண் அத்தனையும் கீழே பக்கத்து நிலத்துக்காரர் செல்லதுரையின் நாற்றங்காலில் கிடந்தது.

கண்ணுசாமி கூடையோடு இறங்கினார்.

"அது என் மண்ணுங்க."

"யாரு இல்லேன்னா? அடியில கெடக்குறது என் நாத்து. தாராளமா அள்ளுங்க" என்றார் செல்லதுரை.

இடுப்பு ஒடிய அள்ளிச் சுமந்து மேலே கொட்டினார். அடுத்த மழை அதைப் பத்திரமாகக் கீழே கொண்டுவந்து சேர்த்தது.

"நீங்க ஏங்க செரமப்படுறீங்க, மழை திரும்ப எங்கிட்டயே கொண்டாந்து குடுத்துடுதே" என்றார் செல்லதுரை. அவருக்கும் சிரிப்பு வரவில்லை.

திரும்பி ஏறும்போதுதான் எல்லைக்கல் கண்ணில் பட்டது. சுற்றிலும் மண் இறங்கிப் போயிருக்க, கல்லைச் சுற்றிய புல் மட்டும் தன் மண்ணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு திட்டாக நின்றது. கண்ணுசாமி அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். வாழ்நாளெல்லாம் பார்த்த வேலை, சொந்த மண்ணையே வாரிக் கொடுத்துவிட்டதே என்ற அழுகை அது.

மறுநாளிலிருந்து ஊர் வரப்புகளில் புல் பிச்சை கேட்டுத் திரிந்தார். பிடுங்கி வந்த கொத்துகளைச் சரிவுக்குக் குறுக்கே வரிசை வரிசையாக நட்டார். ஆடு வந்தால் கம்போடு ஓடினார். "பெத்த பொண்ணைக்கூட இப்புடிக் காவல் காக்கல" என்றாள் அம்சம். தை பிறக்கையில் புல் வேர் பிடித்துவிட்டது.

பொங்கலுக்கு நன்னிலத்திலிருந்து அம்சத்தின் தம்பி புகழேந்தி வந்தான். சரிவைப் பார்த்ததும் முகம் வாடிப்போயிற்று. மாமாவுக்கு உடம்பு முடியவில்லை போலிருக்கிறது, வெளியில் சொல்ல வெட்கப்படுகிறார் என்று தானாக முடிவு கட்டிக்கொண்டான். மறுநாள் காலையில் ஒருவரிடமும் சொல்லாமல் மண்வெட்டியோடு சரிவுக்குப் போய்விட்டான்.

டீ குடித்துக்கொண்டிருந்த கண்ணுசாமி காதில் 'தொப், தொப்' என்று விழுந்தது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியாதா? அவிழ்ந்த வேட்டியைக் கையில் பிடித்தபடி ஓடினார். போன வேகத்தில் புல்லின் மேல் குப்புற விழுந்து படுத்துக்கொண்டார்.

"மாமா! நீங்க ஒக்காருங்க, நான் சுத்தமா வெட்டித் தர்றேன்."

"மொதல்ல என்னை வெட்டுடா!"

"இப்புடிப் புல்லு மண்டிக் கெடந்தா ஊர்ல சிரிப்பாங்க மாமா."

"சிரிக்கட்டும். மண்ணு இருந்தாத்தானடா நான் ஊருக்கு மூஞ்சி காட்ட முடியும்?"

பின்னாலேயே ஓடிவந்த அம்சம் தம்பியின் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கினாள்.

"வாங்கிட்டேங்க. எந்திரிங்க."

கண்ணுசாமி அசையவில்லை. இரண்டு கையாலும் புல்லை இறுகப் பிடித்திருந்தார்.

"அவன் பஸ் ஏறட்டும், அப்புறம் எந்திரிக்கிறேன்" என்றார்.